ஆளை வைத்துப் பேசுகிறவர்

அவரிடம் இன்னொருவரைப் பற்றிப் பேச முடியாது. பேசத் தொடங்கிய அடுத்த நிமிடமே அந்த இன்னொருவர் பேச்சுக்குள் வந்துவிடுவார்.

பாபநாசத்துக்கும் வலங்கைமானுக்கும் இடையே, எங்கள் ஊருக்குத் திரும்பும் முனையில் அவருடைய உரக்கடை இருந்தது. யூரியா மூட்டை, பூச்சிமருந்து, பம்புசெட்டு உதிரிகள் எல்லாம் கிடைக்கும். கடைக்கு வெளியே கீற்றுக்கொட்டகையின் கீழ் நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடக்கும். வாங்க வந்தவர்களைவிட உட்கார வந்தவர்களே அங்கு அதிகம். ஊரார் அவரைப் பாய் என்று அழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. அவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிப் பேசுகிறேன். அது அவருக்குப் பிடிக்காத செயல். அழைத்துக் கேட்கலாம் என்றால், எடுத்துப் பேச இப்போது அவர் இல்லை. பெயரையாவது விட்டுவைக்கிறேன்.

நான் பார்த்த முதல் சம்பவம் தண்ணீர் முறையைப் பற்றியது. எங்கள் வாய்க்காலில் நீர் குறைந்திருந்த நாட்கள். ஒரு விவசாயி உரம் வாங்க வந்தவர், தன் தம்பி முறை மாறி மடையை அடைத்துக்கொள்கிறான் என்று சொல்லத் தொடங்கினார். பாய் தலையாட்டிக் கேட்டபடியே செல்பேசியை எடுத்து ஓர் எண்ணைத் தட்டி, ஒலிபெருக்கியில் போட்டு, எடை மேடையின் மேல் வைத்தார்.

"தம்பி, ஒன்னப் பத்திதான் பேசிக்கிட்டிருக்கோம். ஸ்பீக்கர்ல இருக்க. ஒங்கண்ணன் சொல்றத நீயும் கேட்டுக்க."

"சொல்லச் சொல்லுங்க பாய்" என்றது மறுமுனை. "வீட்டுக்கும் வீட்டுக்கும் ஒரு வேலிதான். அங்கேர்ந்து சொல்ல முடியாதத ஒங்க கடையில வந்துதான் சொல்லணுமா?"

அண்ணன்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு, "ஒண்ணுமில்லடா, மோட்டாருக்கு வால்வு மாத்திட்டியான்னு கேக்கலாம்னு" என்றார். கொட்டகை முழுவதும் சிரித்தது. பாய் மட்டும் சிரிக்கவில்லை.

"வால்வு கெடக்கட்டும். மடையப் பத்திச் சொன்னீங்களே, அதச் சொல்லுங்க" என்றார்.

இதுதான் அவர். "ஆள வச்சுப் பேசுங்க" என்பதை வணக்கம் சொல்வதைப்போல் நாளுக்குப் பலமுறை சொல்வார். மெலிந்த உயரமான உடல். ஒரு தோள் மட்டும் சற்று இறங்கியிருக்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவர் சட்டைப் பையை நோக்கிக் கையை நகர்த்தினாலே போதும், எதிரில் இருப்பவர்கள் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

இந்தப் பழக்கத்தால் நன்மையே விளைந்தது என்று நான் சொல்லமாட்டேன். அவருடைய அண்ணன் மகளுக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்தபோது, மாப்பிள்ளையின் தாயார் கோபக்காரி என்று வீட்டுப் பெண்கள் அடுப்படியில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இவர் உடனே மாப்பிள்ளையின் தகப்பனாரை அழைத்து, "எங்க வூட்டுப் பொம்பளைங்க இப்படிப் பேசிக்கிறாங்க. ஒங்க வூட்டம்மாவ வச்சே கேட்டுறலாமேன்னுதான்" என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றது. ஒரு பெருநாளன்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி பிரியாணியைத் தட்டில் வைத்தபடி, அவர் காதில் விழும்படியே சொன்னார்:

"எல்லாத்தையும் எல்லாரும் கேக்கணும்னா குடும்பம் எதுக்கும்மா? ஒரு மைக் செட்டு வாங்கிக் கட்டிக்கிட்டாப் போச்சு."

அவர் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். 

நான் சமூகப்பணி படித்தவள். திருச்சியில் ஒரு தன்னார்வ அமைப்பில் வேலை செய்துகொண்டிருந்தேன். கல்லூரி மாணவர்களுக்குத் தேசிய ஒருமைப்பாட்டு முகாம் நடத்துவது என் பொறுப்பு. ஒவ்வொரு முகாமின் முடிவிலும் பிள்ளைகள் வெவ்வேறு மாநிலத்து உடைகளை அணிந்து மேடையில் கைகோத்து நிற்பார்கள், படம் எடுப்போம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபின் நிலத்தைப் பார்க்க ஊர் திரும்பினேன். அண்ணன்மார் இருவரும் வெளியூர்களில் இருந்தார்கள். விவசாயம் எனக்குப் புதிது. உரக்கடையில்தான் பாதியைக் கற்றேன். மீதியை எங்கள் வயலில் நடவு நடும் பெண்களிடம் கற்றேன்.

ஒரு நாள் அவரிடம் வாதாடினேன். "எதிர்ல நின்னு பேச முடியாதவங்களும் இருக்காங்க பாய். மாமியா எதிர்ல மருமகளால பேச முடியுமா? மொதலாளி எதிர்ல கூலியாளால முடியுமா? நீங்க எல்லாரையும் ஒரே எடத்துல நிறுத்திட்டா, பலசாலிதான் ஜெயிப்பான்."

அவர் பூச்சிமருந்துப் புட்டிகளைத் துணியால் துடைத்து வரிசையாக வைத்தபின் சொன்னார்.

"வெளிநாட்டுல நான் இருந்த கேம்ப்புல ஒரு ரூமுக்கு எட்டுப் பேரு தங்கச்சி. ஒவ்வொருத்தன் ஒவ்வொரு பாஷ. தமிழன் நான் ஒருத்தன்தான். நைட் டூட்டி முடிச்சுட்டு வந்தா, என் கட்டில் வெளியில கெடக்குது. பெட்டி அது மேல. உள்ள எல்லாரும் தூங்குறானுங்க. கதவத் தட்டுனேன், தொறக்கல."

"எதுக்காம்?"

"அதான் தெரியல. இன்னி வரைக்கும் தெரியல. திருடுனேன்னு நெனச்சாங்களா, நாத்தம் அடிக்கிறேன்னு நெனச்சாங்களா, ஒண்ணும் தெரியாது. நான் வேலையில நின்னப்பவே உள்ள பேசி முடிச்சிட்டாங்க. ஒரு வார்த்த கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன். இல்ல, தப்பு எம்மேலன்னா ஒத்துக்கிட்டிருப்பேன்."

நான் கேட்ட கேள்விக்கு அது பதில் ஆகாது. ஆயினும் அதன்பின் நான் வாதாடவில்லை.

இனி அந்த ஐப்பசிக்கு வருகிறேன்.

குறுவை அறுவடையானதும் அதே வயலில் தாளடி நடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அறுவடைக்கும் நடவுக்கும் இடையே நாள் குறைவு. மழைக்கு முன் நாற்று வேர் பிடித்தாக வேண்டும். எல்லோருக்கும் ஒரே வாரத்தில் ஆள் தேவைப்படும். நடவுப் பெண்கள் கேட்கும் கூலியைப் பற்றியும், அவர்கள் சொன்ன நாளில் வருவதில்லை என்பதைப் பற்றியும் நிலத்துக்காரர்கள் உரக்கடையில் கூடிப் பேசினார்கள். வங்காளத்திலிருந்து நடவு ஆட்களை வரவழைக்கிறேன் என்றார் பாய். வெளிநாட்டில் கற்ற அரைகுறை வங்காள மொழி அவருக்கு இருந்தது. கேம்ப்பில் பழகிய ஒருவரின் ஊர்க்காரர்கள் வருவதாக இருந்தது. ஒரு மாலையில் பேச்சு முடிந்தது. என் அப்பாவும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொலைபேசியில் சம்மதம் சொன்னார்.

மேற்கு வங்காளத்தின் மேதினிப்பூர்ப் பக்கத்திலிருந்து பன்னிரண்டு ஆண்கள் வந்தார்கள். கடைக்குப் பின்னால், ஓட்டம் நின்றுபோன அரிசி ஆலையின் கொட்டகையில் தங்கினார்கள். அவர்களுடைய தலைவர் நிமாய், வயது நாற்பதுக்குமேல். நூல் பிடித்து, குனிந்த முதுகு நிமிராமல் பின்னோக்கி நகர்ந்து, ஒரு பகலில் அவர்கள் நட்டு முடிக்கும் பரப்பைக் கண்டு நிலத்துக்காரர்கள் வாயடைத்துப் போனார்கள்.

தேநீர்க் கடையில் வேறு பேச்சு நடந்தது. இவர்கள் பங்களாதேஷ்காரர்கள், பாய் தன் ஆட்களைக் கொண்டுவந்து இறக்குகிறார் என்றார்கள். அதைக் கேள்விப்பட்ட பாய், நிமாயை அழைத்துக்கொண்டு போய் அதே தேநீர்க் கடையில் உட்கார்ந்தார்.

"யாருப்பா பங்களாதேஷ்னு சொன்னது? ஆளு வந்திருக்காரு, கேட்டுக்கங்க."

யாரும் கேட்கவில்லை. நிமாய்க்குத் தேநீர் வந்தது. ஆனால் பேச்சு நிற்கவில்லை. இன்னொரு தேநீர்க் கடைக்கு நகர்ந்தது, அவ்வளவே.

எங்கள் ஊரின் நடவுப் பெண்களுக்குத் தலைமையாக இருந்தவர் வசந்தா அக்கா. என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வயலில் முதல் நாற்றை ஊன்றியவர் அவர். அந்த ஆண்டு அவரும் அவருடைய பெண்களும் எங்கள் நிலத்துக்கு வரவில்லை. யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. உரக்கடையைக் கடக்கும்போது அவர் அந்தப் பக்கம் திரும்பாமல் போவதைக் கவனித்தேன்.

ஐப்பசி முதல் நாள். காவிரியில் துலா ஸ்நானத்துக்குப் போகிறவர்களைப் பேருந்தேற்றிவிட்டு ஊர் ஓய்ந்திருந்த காலை. புதிதாக நட்ட எங்கள் வயலின் மூலையில் நாணல் தட்டை ஒன்று ஊன்றப்பட்டிருந்தது. அதன் உச்சியில் இலையில் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டிய ஒரு சிறு பொதி. அடுத்த வயலிலும் ஒன்று. அதற்கடுத்த வயலிலும் ஒன்று. வங்காளத்து ஆட்கள் நட்ட வயல்கள் அத்தனையிலும் இருந்தன. வசந்தா அக்காவின் இளைய மகன் செந்தில்தான் முதலில் பார்த்தான். ஒன்றைப் பிடுங்கிப் பிரித்தான். வேப்பிலை, பச்சை மஞ்சள், ஏதோ கிழங்கின் துண்டு, பெயர் தெரியாத பச்சிலைகள்.

வேறொரு நாளாக இருந்திருந்தால் அது வியப்போடு நின்றிருக்கும். ஆனால் அன்று விடியற்காலையில்தான் வசந்தா அக்காவின் மூத்த மருமகளுக்கு உதிரப்போக்கு கண்டிருந்தது. கர்ப்பிணி. கணவனும் அவளுடைய தாயும் உடன் ஏற, ஆம்புலன்ஸ் தஞ்சாவூருக்குப் போயிருந்தது. மூத்த பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வசந்தா அக்கா வீட்டில் தங்கிவிட்டார். செந்தில் எடுத்த படம் முற்பகலுக்குள் சுற்றுவட்டார வாட்ஸ்அப் குழுக்களில் பரவியது. கர்ப்பிணிகளைக் குறிவைத்துச் செய்வினை, வடநாட்டுக் கும்பல், எச்சரிக்கை என்று யார் யாரோ வரிகளைச் சேர்த்திருந்தார்கள்.

நான் உரக்கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது முனையில் இருபது முப்பது பேர் நின்றார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து மோட்டார் சைக்கிள்கள் வந்தபடி இருந்தன. செந்திலின் கையில் மண்வெட்டிக் காம்பு இருந்தது. ஆலைக் கொட்டகைக்குள் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். நான் காவல் நிலையத்தை அழைத்தேன். காவலர்கள் நீராடல் துறைகளில் பாதுகாப்புக்குப் போயிருக்கிறார்கள், வந்து சேரச் சற்று நேரமாகும் என்றார்கள்.

பாயை உள்ளே இழுத்துச் சென்று சொன்னேன். "பின்பக்கம் வண்டி வர வழி இருக்கு. என் டிரைவர வரச் சொல்றேன். கும்பகோணம் ஸ்டேஷன்ல விட்டுட்டா உயிர் தப்பும். மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

"ஓடுனா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் தங்கச்சி."

"இது ஒங்க கொள்கையப் பாக்குற நேரமில்ல பாய். அடி வாங்கப்போறது நீங்க இல்ல. அவங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு நிமாயிடம் திரும்பி அவர் மொழியில் கேட்டார். நிமாய் சற்று நேரம் பேசினார். தன் செல்பேசியைக் காட்டினார். அந்தப் படம் அதற்குள் அவருக்கும் வந்திருந்தது. மன்னார்குடிப் பக்கத்தில் நடவு வேலையில் இருந்த அவர் ஊர்க்காரர் ஒருவர் அனுப்பியிருந்தார்.

"எங்க எறங்குனாலும் இந்தப் படம் முன்னாடி போயி நிக்கும்னு சொல்றாரு" என்றார் பாய். "இங்கயாவது நாம நட்ட வயலு இருக்கு, நம்மளப் பாத்த சனம் இருக்கு, இங்கயே சொல்லிப் பாக்குறேங்குறாரு."

நான் அஞ்சினேன் என்பதை மறைக்கவில்லை. பேசினால் தீரும் என்று நம்புகிறவர்கள், பேச முடியாமற்போகும் கணத்தை முன்கூட்டிக் கணக்கில் எடுப்பதில்லை. கும்பலில் ஒருவன் முதல் கல்லை எறிந்துவிட்டால் எல்லா விளக்கங்களும் அதன்பின் வீண். பாய் கொட்டகைக் கதவைப் பூட்டவும் விடவில்லை. பூட்டினால் குற்றவாளி என்று ஆகிவிடும் என்றார். மற்றவர்களை உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு நிமாயை மட்டும் அழைத்துக்கொண்டு வெளியே வந்தார். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை எடுத்துக் கூட்டத்தின் நடுவே போட்டு அதில் அவரை உட்காரவைத்தார். தான் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"ஆளு இருக்காரு. கேளுங்க."

"ஆதார எடுக்கச் சொல்லு மொதல்ல" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "இந்தியாவா, பங்களாதேஷான்னு தெரியட்டும்."

நிமாய் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். கை மாறி மாறிப் போனது. வங்காள எழுத்தும் ஆங்கிலமும் கலந்திருந்த அதை யாரும் நின்று படிக்கவில்லை. "இது போலின்னா?" என்றான் ஒருவன். அட்டை திரும்பி வரவில்லை. அது யார் கையில் இருக்கிறது என்று பாய் கண்களால் தேடிக்கொண்டே இருந்தார்.

செந்தில் பொதியை நிமாயின் முகத்துக்கு நேரே நீட்டினான். "எதுக்கு வச்சே? யாரு சொல்லி வச்சே?"

அப்போது கூட்டம் விலகியது. வசந்தா அக்கா பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். அழுத முகம். மகனின் கையிலிருந்து காம்பைப் பிடுங்கிக் கீழே போட்டார். "எம் மருமவ விசயம். நான் கேக்குறேன்" என்றார்.

நிமாய் தாழ்ந்த குரலில் பேசினார். கையை வயிற்றின்மேல் வைத்துக் காட்டினார். அந்தச் சைகையைக் கண்டதும் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. பாய் ஒரு கணம் தயங்கியதைப் பார்த்தேன். அவர் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். பூச்சி வராமலிருக்க வைத்த மூலிகை என்று சொல்லியிருந்தால் அது முழுப் பொய்யும் ஆகாது. அங்கே அவரைத் திருத்த யாருமில்லை.

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "நெல்லு மாசமா இருக்காம். வயித்துப் புள்ளத்தாச்சிக்கு ஆசப்பட்டதக் குடுக்குற மாதிரி, பயிருக்கு இந்தப் பச்சிலையெல்லாம் கட்டி வைப்பாங்களாம். அவங்க ஊர் வழக்கமாம். இன்னைக்குத்தான் அதுக்கு நாளாம்."

சாலையில் ஒரு பேருந்து ஒலியெழுப்பிக் கடந்து போனது.

வசந்தா அக்கா பொதியை வாங்கிப் பார்த்தார். மஞ்சள் துண்டை முகர்ந்தார். பிறகு வயற்பக்கம் கையைக் காட்டிக் கேட்டார்:

"எந்தப் பயிரு மாசமா இருக்கு?"

பாய் மொழிபெயர்த்தார். நிமாய், தாங்கள் நட்ட வயல்களைக் காட்டினார்.

"நட்டு அஞ்சு நாளு ஆவல. இன்னம் வேரே புடிக்கல. பச்ச திரும்பல. அது எப்படி மாசமாவும்?"

கேள்வி போய், பதில் வர நேரமாயிற்று. நிமாய் முதன்முறையாகக் குழம்பினார். தன் ஊரில் இந்த நாளில் பயிர் கதிரை உள்ளே வைத்துப் பொதி கட்டி நிற்கும், நாள் தப்பினால் பதர் விழும், அப்பன் பாட்டன் காலத்து நாள் இது, அதனால் இங்கேயும் வைத்தோம் என்றார். இங்கே பயிர் பின்தங்கி இருப்பது தெரியும். ஆனால் நாளை எப்படித் தள்ளிப்போடுவது? தன் கையால் நட்ட பயிரை அப்படியே விட மனம் வரவில்லை என்றார்.

பாய் இதைச் சொல்லி முடித்ததும், நடவுப் பெண்களில் மூத்த ஒருத்தி பின்னாலிருந்து சொன்னாள்:

"நேத்துப் பொறந்த பொட்டச்சிக்கு வளைகாப்புப் போட்டிருக்கான் பாரு, கிறுக்குப் பய."

யாரோ சிரித்தார்கள். இன்னொருவர் அடக்க முடியாமல் தொடர்ந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு ஆண்கள் பக்கம் பரவியது. பக்கத்து ஊர்களிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்தவர்கள் மட்டும் என்ன நடக்கிறதென்று விளங்காமல் நின்றார்கள். ஒருவன் அட்டையைக் கொண்டுவந்து நிமாயின் மடியில் போட்டான்.

வசந்தா அக்கா சிரிக்கவில்லை.

"சிரிச்சாச்சுல்ல?" என்றார். "எல்லாரும் இருங்க. எனக்கு இன்னொண்ணு கேக்கணும். இவன்கிட்ட இல்ல."

அவர் பாயின் பக்கம் திரும்பினார்.

"ஊர்ல யாரப் பத்தி யாரு பேசுனாலும் ஆள வச்சுப் பேசும்பீங்க. எம் புருசன் குடிக்கிறதப் பத்தி ஒங்க கடையில பேச்சு வந்தப்ப எனக்குப் போனு போட்டீங்க. நல்லது. எங்க நடவு வேலைய எடுத்து இவங்க கையில குடுக்கலாம்னு நெலத்துக்காரங்களோட ஒக்காந்து பேசுனீங்களே, அன்னிக்கு எனக்கு ஏன் போனு போடல?"

பாயின் கை சட்டைப் பையிலிருந்த செல்பேசியின்மேல் போய் நின்றது.

"இருவத்தஞ்சு பொம்பளைங்க. ஒருத்தியையாவது வச்சுப் பேசுனீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

இறங்கியிருந்த அந்தத் தோள் இன்னும் இறங்கியதுபோல் இருந்தது. நிமாய் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டார். அது யாருக்கான இருக்கை என்று அவருக்கு மொழி தெரியாமலே விளங்கிவிட்டது போலும். பாய் அதில் உட்கார்ந்தார்.

"தப்புதான்மா" என்றார். "ஒங்களப் பத்தின பேச்சுன்னு அன்னிக்கு எனக்குத் தோணவே இல்ல. நடவப் பத்தின பேச்சுன்னு நெனச்சுட்டேன்."

"நடவுன்னா யாரு பாய்? நாங்கதானே?"

ஒருமைப்பாடு குறித்து நான் எழுதியும் பேசியும் வந்த பலவற்றை அந்தக் கேள்விக்குப் பின் என்னால் பழைய தொனியில் சொல்ல முடிந்ததில்லை. வந்தவனை வரவேற்க வேண்டும் என்பது சரி. ஆனால் வரவேற்பின் விலையை யார் தலையில் கட்டினோம் என்பதைச் சொல்லாமல் விட்டால், அந்த விலை ஒரு நாள் மண்வெட்டிக் காம்பாக எழுந்து நிற்கும். அன்று முனையில் நின்ற கோபத்தில் செய்வினை பற்றிய அச்சம் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் வேலை பறிபோனவர்களின் கோபம். அதற்குப் போக வேறு இடம் இல்லாமல் அந்த இலைப் பொதியைப் பற்றிக்கொண்டது.

"என்ன செய்யணும், சொல்லுங்க" என்றார் பாய்.

"நாளைக்குக் காலையில எல்லாரையும் வைங்க. நெலத்துக்காரங்க, நாங்க, இவங்க."

"இவனுங்க எதுக்கும்மா?" என்றான் செந்தில்.

"இவன் வேலையப் பத்தியுந்தானேடா பேசப்போறோம்."

பேரப்பிள்ளையை மகனிடம் கொடுத்துவிட்டு அவர் தஞ்சாவூர்ப் பேருந்துக்கு நடந்தார். கூட்டம் கலைந்தது. கலைந்தது என்றாலும் தீர்ந்ததாக யாரும் கருதவில்லை. மருத்துவமனையிலிருந்து கெட்ட செய்தி வந்தால் சிரித்தவர்களே திரும்பி வருவார்கள் என்பது பாய்க்கும் தெரியும், எனக்கும் தெரியும். கொட்டகைக்குள் நிமாய் தன் ஆட்களிடம் மூட்டைகளைக் கட்டி வைக்கச் சொன்னார். காவலர்கள் வந்து விசாரித்துவிட்டு, ஏதாவது என்றால் கூப்பிடச் சொல்லிப் போனார்கள். இருட்டும்வரை எந்தச் செய்தியும் வரவில்லை. பாய் வசந்தா அக்காவைத் தொலைபேசியில் அழைக்கவில்லை. அழைக்கலாமே என்றேன். "வேணாம் தங்கச்சி" என்றார்.

மறுநாள் காலை ஆலை முற்றத்தில் கூடினோம். நிலத்துக்காரர்களில் பாதிப்பேர் வந்திருந்தார்கள். வந்தவர்களும் கிளம்பும் அவசரத்தோடு நின்றார்கள். நடவுப் பெண்கள் ஒரு பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு பேரும் கட்டிய மூட்டைகளுக்கு முன்னால் நின்றார்கள். செந்தில் சுவரோரம் நின்றான்.

முதல் பேருந்தில் வசந்தா அக்கா வந்து இறங்கினார். நேற்றுக் கட்டியிருந்த அதே சேலை. சாலையைக் கடந்து, முற்றத்துக்குள் நடந்து, பெண்கள் பக்கம் போகாமல் நடுவில் நின்றார்.

"கலஞ்சிடுச்சு" என்றார். "அவ நல்லாருக்கா. புள்ள தங்கல."

ஒரு பெண் வாயில் முந்தானையை வைத்து அழுதாள். செந்தில் சுவரிலிருந்து நிமிர்ந்தான். அத்தனை கண்களும் நிமாயின்மேல் போய் நின்றன. அவர் நகரவில்லை, அவருக்குப் பின்னால் ஒருவன் மூட்டையைக் கையில் எடுத்தான்.

"மூணு நாளா இடுப்பு வலின்னு சொல்லிக்கிட்டிருந்தா. நான்தான் சூடுன்னு விட்டுட்டேன்" என்றார் வசந்தா அக்கா. மகனைப் பார்த்தே சொன்னார். "இலைதழைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. டாக்டரம்மா சொன்னாங்கன்னு சொல்லல. எனக்கே தெரியும். ஒக்காரு."

செந்தில் உட்கார்ந்தான்.

பாய் நிமாயிடம் வங்காள மொழியில் ஏதோ சொன்னார். மிகச் சுருக்கமாகச் சொன்னார். வசந்தா அக்கா அதைக் கவனித்துவிட்டார்.

"சொல்லிட்டீங்களா?"

"ஒண்ணும் பயமில்ல, ஒக்காருன்னு சொன்னேன்மா."

"புள்ள கலஞ்சதச் சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லுங்க. அவனும் கேக்கட்டும்."

பாய் சொன்னார். சொல்லும்போது இருமுறை நிறுத்தினார். நிமாய் தலையைக் குனிந்துகொண்டார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேட்டியில் துடைத்தார். பிறகு தாழ்ந்த குரலில் பாயிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தன மாசம்னு கேக்குறாரு" என்றார் பாய்.

"அஞ்சு" என்றார் வசந்தா அக்கா. அவர் அதை நிமாயைப் பார்த்துச் சொன்னார். ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். பிறகு பெண்களிடையே போய் உட்கார்ந்தார். அவர்களுக்கு எதிரே, மூட்டைகளை விட்டு விலகி, நிமாயும் அவருடைய ஆட்களும் தரையில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பின்புதான் வேலையைப் பற்றிய பேச்சைத் தொடங்கினோம்.